சுமித்திராவின் காவலில் ஒரு சனி ஞாயிறு

நெடுங்கேணியில் ஒரு வீட்டுக் கதவு பகல் முழுக்கச் சாத்திக் கிடந்தால், அதைத் தட்ட முதல் ஆளாய் வருகிறவள் சுமித்திரா. காய்ச்சலா, புருசன் பெண்சாதி சண்டையா, வெறும் அலுப்பா என்பதெல்லாம் அவளுக்குப் பிறகு. முதலில் கதவு திறக்கவேண்டும். திறக்காவிட்டால் யன்னலால் எட்டிப் பார்ப்பாள். யன்னலும் சாத்தியிருந்தால் ஓட்டைக் கழற்றிக்கொண்டு இறங்குவாள் என்று ஊரில் பகிடி. புதிதாய்க் கலியாணம் முடித்த சோடி ஒன்றின் கதவைக்கூட ஒருநாள் தட்டியிருக்கிறாள். உள்ளேயிருந்து பெடியன் வாய்க்கு வந்தபடி ஏச, "சரி தம்பி, குரல் கேட்டால் காணும்" என்று சொல்லிவிட்டுப் போய்த் தன் ஆட்டுக்குக் குழை கட்டினாள். வெட்கம் என்ற சாமான் அவளிடம் இருந்ததாக ஊரில் ஒருவரும் சாட்சி சொல்லமாட்டார்கள்.

ஆள் கட்டை. நடை எல்லாம் ஓட்டம். வயது ஐம்பதுக்குக் கிட்ட. ஐயாவும் அம்மாவும் மலைநாட்டுத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள். கலவரத்தில் அடிவாங்கி, தலையில் மூட்டையும் கையில் பிள்ளையுமாய் வன்னிக் காட்டோரம் வந்து, மண்வெட்டியால் கொத்திக் கொத்திக் காட்டைக் காணியாக்கினவர்கள். அந்தக் கைப்பிள்ளைதான் சுமித்திரா. அவள் ஓரிடத்தில் ஆறுதலாய்க் குந்தியிருந்து யாரும் பார்த்ததில்லை. சாப்பிடுவதும் நின்றுகொண்டுதான். புருசன் தங்கராசா இதற்கு நேர்மாறு. உழவு இயந்திரம் ஓட்டி அதன் ஆசனத்தில் இருந்து பழகியவர், இறங்கினாலும் எங்காவது இருந்துவிடுவார். இருந்தால் சரிவார், சரிந்தால் குறட்டை. கடவுள் ஒரு குடும்பத்துக்கென்று அளந்த ஓய்வு முழுவதையும் அந்த மனுசன் ஒருவரே வாரி எடுத்துக்கொண்டார் என்று சுமித்திரா ஏசுவாள்.

இவர்களின் பக்கத்து வளவுக்குத்தான் வெள்ளைக்காரர் குடிவந்தார்.

பேர் தாப்பியோ. ஊர் பின்லாந்து. பால் சங்கத்துக்குப் புதிதாய் வந்த குளிரூட்டும் இயந்திரத்தைப் பூட்டி, ஓடவைத்து, சங்கத்து ஆட்களுக்கு வேலை பழக்கிவிட்டுப் போக வந்தவர். ஊர் அவருக்கு ஒரு மரியாதை சேர்த்து 'தாப்பியர்' ஆக்கியது. எந்தக் கதவுக்குள் நுழைந்தாலும் நெற்றி நிலையில் இடிபடுகிற உயரம். பேச்சு மட்டும் மிகக் குறைவு. ஒரு வசனம் சொன்னாரென்றால் அடுத்த வசனம் வருவதற்குள் ஒரு பிளேன்ரீ ஊற்றி ஆற்றிக் குடித்து முடிக்கலாம். கனடாவில் இருக்கிற ஒருவரின் வெறும் வீட்டைச் சங்கம் அவருக்கு எடுத்துக் கொடுத்து, சமையலுக்குச் சுமித்திராவை வைத்தது.

வந்த நாளிலிருந்து தாப்பியருக்கு ஒரு சனி ஞாயிறு வாய்க்கவில்லை. திங்கள் தொடக்கம் வெள்ளி வரை அவர் இயந்திரத்துக்குச் சொந்தம், மிச்ச இரண்டு நாளும் ஊருக்குச் சொந்தம் என்று ஊர் தானாகவே தீர்மானித்துவிட்டது. அவரை யார் கேட்டது? இலவசமாய் ஒரு வெள்ளைக்காரர் கிடைத்திருக்கிறார், விடுவார்களா! பாலர் பாடசாலை விளையாட்டுப் போட்டிக்குப் பிரதம விருந்தினர். சாமத்திய வீட்டில் பெரியபிள்ளையான பெட்டைக்குப் பக்கத்தில் நின்று படம். புதுவீடு குடிபூரலுக்கு நாடா வெட்டு. பால் சங்கத் தலைவர் கனகலிங்கத்தார் ஒலிவாங்கியைக் கண்டால் தாயைக் கண்ட கன்று. அவர் தாப்பியரைத் தன் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராய்த் திரிந்தார். ஒரு செத்தவீட்டில், செத்தது ஆணா பெண்ணா என்றே தெரியாத மனுசனை முன்வரிசைக் கதிரையில் இருத்தி, இரங்கலுரைக்கு நடுவில் அவருக்கு வரவேற்புரையும் சொல்லி முடித்தார். போன இடமெல்லாம் பொன்னாடை. ஆவணி வெயிலில், அந்த மினுங்கல் துணிக்குள் தாப்பியர் வெந்துகொண்டு நின்றதை யாரும் கவனிக்கவில்லை.

சாப்பாடு இன்னொரு கரைச்சல். 'போதும்' என்ற சொல்லை அவர் முதல் கிழமையே பாடமாக்கிவிட்டார். ஆனால் இந்த ஊரில் விருந்தாளி 'போதும்' என்றால் இன்னும் ஒரு அகப்பை என்பது அவருக்குப் பிந்தித்தான் விளங்கியது.

அப்படியிருக்கையில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் தாப்பியர் குசினி வாசலுக்கு வந்து நின்றார். கூட ஜனகன். சங்கத்தின் பொறுப்பாளன் அவன், ஆங்கிலம் கதைக்கக்கூடியவன், தாப்பியரின் வாயும் காதும் அவன்தான்.

"அக்கா, சேர் சொல்லுறார், நாளைக்கும் நாளையிண்டைக்கும் தனக்கு ஓய்வாம். ஒரு இடமும் போகமாட்டாராம். ஒருத்தரும் வரவேண்டாமாம். நீங்களும் சமைக்க வரத் தேவையில்லையாம்."

"அப்ப சாப்பாட்டுக்கு?"

"பேக்கரிப் பாண் இருக்காம்."

"பாணோ!" சுமித்திரா கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். "தனிய இருந்து என்ன செய்யப்போறாராம்?"

ஜனகன் கேட்டான். தாப்பியர் வழமைபோல் யோசித்து யோசித்துப் பதில் சொன்னார்.

"ஒண்டும் செய்யப்போறேல்லையாம் அக்கா."

சொல்லிவிட்டுத் தாப்பியர் சிரித்தார். பல்லுத் தெரிய, கண்ணும் சேர்ந்து சிரித்தார். இத்தனை மாதத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பைச் சுமித்திரா கண்டதேயில்லை. அதோடு விட்டாரா? சேர்ந்துபோன பொன்னாடை முழுவதையும் ஒரு பையில் கட்டித் தங்கராசாவிடம் கொடுத்தார். ஊரார் கொண்டுவந்து குவித்த பிஸ்கட் பெட்டிகளை ஒழுங்கைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். இயந்திர அறையின் பூட்டுத் திறப்பை ஜனகனின் கையில் கொடுத்தார். பிறகு தானே தும்புத்தடியை எடுத்து வீட்டைக் கூட்டினார். சுமித்திரா அடுப்பில் கிடந்த கறியை மறந்து அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஏனென்றால், இதே சிரிப்பை அவள் ஒருமுறை பார்த்திருக்கிறாள்.

சதீஸ் அவளுக்கு ஒரே தம்பி. சண்டை முடிந்து, முகாமும் முடிந்து, ஊருக்கு வந்து கொட்டில் போட்ட பிறகு, மாதக்கணக்காய் வாய் திறக்காமல் திரிந்தவன். ஒருநாள் வந்து சிரித்தான். சைக்கிளைக் கூட்டாளிக்குக் கொடுத்தான். "அக்கா, எனக்கு அலுப்பாக் கிடக்கு, ரெண்டு நாளைக்கு ஒருத்தரும் என்னைக் கூப்பிடவேண்டாம்" என்றான். பாவம், பட்டது கொஞ்சமா, ஆறுதலாய்க் கிடக்கட்டும் என்று ஊரே சொன்னது. சுமித்திராவும் அதையே சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குக் கச்சான் செடி பிடுங்கப் போனாள். கடைசியில் கதவை உடைக்கவேண்டி வந்தது. அவன் தன் கையாலேயே தன்னை முடித்துக்கொண்டு போயிருந்தான். அதற்குப் பிறகுதான் அவள் ஊர்க் கதவுகளைத் தட்டத் தொடங்கினாள். ஊர் அவளைப் பகிடி பண்ணும். தட்டாதே என்று மட்டும் ஒருவரும் சொன்னதில்லை.

"இஞ்சருங்கோ," என்று புருசனிடம் வந்தாள். "அந்த மனுசன் ஏதோ செய்யப்போகுது."

"ஒண்டும் செய்யப்போறேல்லை எண்டுதானே சொன்னவர்?"

"அதைத்தான் நானும் சொல்லுறன்!"

தங்கராசா பையிலிருந்து ஒரு பொன்னாடையை எடுத்து விரித்துப் பார்த்தார். நல்ல அகலம். "உனக்கு விசர். வெள்ளைக்காரர் லீவு எடுத்தால் அப்பிடித்தான்" என்று சொல்லி, அதைப் பாயில் விரித்து அதன்மேல் படுத்தார்.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து சுமித்திராவின் கண் கிடுகு பிரிந்த வேலிப் பொட்டில். அந்தப் பக்கம் தாப்பியர் வேப்பமரத்துக்குக் கீழே கதிரை போட்டு இருந்தார். இடுப்பில் சாரம். காலில் செருப்பில்லை. கையில் போனில்லை. இந்தக் காலத்தில் கையில் போனில்லாமல் ஒரு மனுசன் இருந்தால் அவனுக்கு இந்த உலகத்தோடு சோலி முடிந்தது என்றுதானே அர்த்தம்? சுமித்திரா அப்படித்தான் எடுத்தாள். அவள் ஆட்டுக்குக் குழை ஒடித்தாள், வந்து பார்த்தாள், அவர் இருந்தார். தண்ணி அள்ளினாள், வந்து பார்த்தாள், அவர் அப்படியே இருந்தார். ஒரு மயில் வளவுக்குள் வந்து நெடுநேரம் மேய்ந்தது. தாப்பியர் மயிலைப் பார்த்தார். மயில் போனபின் மயில் நின்ற இடத்தைப் பார்த்தார்.

"ஐயோ, வெறும் நிலத்தைப் பாக்கிறார்" என்று சுமித்திரா ஓடிவந்து தங்கராசாவை உலுக்கி எழுப்பினாள். "எழும்புங்கோ. போய் ஏதாவது கடன் கேளுங்கோ. ஆளோட ரெண்டு கதை கதையுங்கோ."

"எனக்குத்தான் இங்கிலீசு தெரியாதே!"

"அலவாங்கு கேளுங்கோ. அதுக்கு என்ன இங்கிலீசு?"

தங்கராசா போய், குழி தோண்டுகிறமாதிரிக் கையால் குத்திக் காட்டி அலவாங்கு கேட்டார். தாப்பியர் எழும்பிப் போய் எடுத்துக் கொடுத்து, படலைவரை வந்து அனுப்பிவிட்டார். "நல்லாத்தான் இருக்கிறார்" என்று தங்கராசா அலவாங்கை முற்றத்தில் போட்டார். சுமித்திராவுக்கு மனம் ஆறவில்லை. அடுத்ததாய்க் கனகலிங்கத்தாருக்கு ஆள் அனுப்பினாள். அவர் விசயத்தைக் கேட்டதும் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். வேப்பமரத்துக்குக் கீழே நின்று, மனிதப் பிறவியின் மகத்துவம் பற்றித் தன்னுடைய சொந்த ஆங்கிலத்தில் ஒரு பேருரை ஆற்றினார். திரும்பி வரும்போது நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

"ஆளின்ர கண் ரெண்டும் கலங்கிப்போச்சு சுமித்திரா. நல்லாய்த் தைச்சிருக்கு."

கண் கலங்கியது கொட்டாவியை அடக்கினதாலாகவும் இருக்கலாம். அதை அவரிடம் சொல்ல யாருக்கு மனம் வரும்?

மத்தியானம் சுமித்திராவே போனாள். குளத்து மீன் குழம்பும் சோறும், மூடி கட்டிய சட்டியில். தாப்பியர் படலையிலேயே நின்று வாங்கினார். இந்த முறை சிரிப்பைக் காணவில்லை.

"அக்கா. ஓய்வு. தனிய. போதும்" என்றார்.

அவள் திரும்பி வரும்போது பின்னால் சங்கிலிச் சத்தம் கேட்டது. தாப்பியர் படலையைச் சங்கிலி போட்டுப் பூட்டினார். இத்தனை மாதத்தில் அந்தப் படலை பூட்டப்பட்டதே கிடையாது. சுமித்திரா வேலிப் பொட்டோடு ஒட்டிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் கண்டவை ஒன்றுக்கு மேல் ஒன்று மோசமாய் இருந்தன. தாப்பியர் வளவின் பின்பக்கத்திலிருந்த தகரக் கொட்டிலுக்குள், முன்னொரு காலத்தில் பசளை மூட்டை அடுக்கின கொட்டில் அது, தள்ளுவண்டியில் கருங்கல்லாய்க் கொண்டுபோய்க் கொட்டினார். விறகு கொண்டுபோனார். கொஞ்ச நேரத்தில் தகர நீக்கலுக்குள்ளால் புகை வந்தது. அந்தப் புகையை வெளியில் குந்தியிருந்து பார்த்தார். பிறகு வேப்பமரத்தில் குழை ஒடித்துக் கட்டாய்க் கட்டினார். அம்மாள் வருத்தம் வந்தவனுக்கும் பேய்பிடித்தவனுக்கும் வேப்பங்குழை தேவை. உடம்பில் ஒரு குறையுமில்லாத வெள்ளைக்காரருக்கு என்னத்துக்கு? புகை அடங்கியதும் ஒரு வாளி தண்ணியை உள்ளே வைத்தார். சாரத்தைக் கழற்றிக் கொடியில் போட்டார். இடுப்பில் ஒரு துவாயோடு, கையில் வேப்பங்குழையோடு, குனிந்து கொட்டிலுக்குள் போய்க் கதவை உள்ளால் சாத்தினார்.

வெளியில் வெயில் மண்ணைப் பொரித்துக்கொண்டிருந்த நேரம். தகரத்துக்குக் கிட்டப் போனாலே முகம் காந்தும். அதற்குள் நெருப்பும் மூட்டி, கதவையும் சாத்தி ஒருவன் இருக்கிறான் என்றால் அவன் வேறு எதற்கு இருக்கிறான்? உள்ளே 'சூ' என்று பெரிய சத்தம் எழும்பியது. தகர இடுக்கெல்லாம் வெள்ளையாய் ஆவி பீறியது. அதைத் தொடர்ந்து சளார் சளார் என்று அடிக்கிற சத்தம். பிறகு தாப்பியரின் குரல், "ஆஆ" என்று நீளமாய், அடிவயிற்றிலிருந்து.

"ஐயோ! ஓடிவாங்கோ! மனுசன் தன்னைக் கொளுத்துது!"

சுமித்திரா வேலியைச் சுற்றிப் போகவில்லை, வேலிக்குள்ளாலேயே போனாள். கிடுகு ஒரு பக்கம், கதியால் ஒரு பக்கம். அவள் போட்ட சத்தத்தில் ஒழுங்கை முழுக்க வந்துவிட்டது. தங்கராசா, அந்த மனுசன் ஓடி ஊர் பார்த்தது அன்றைக்குத்தான், முற்றத்தில் கிடந்த அலவாங்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரே நெம்பு. கதவு பிணைச்சலோடு வந்தது.

ஆவி விலகியதும் ஊர் கண்ட காட்சியை நான் கூட்டிக் குறைத்துச் சொல்லவேண்டியதில்லை. பலகையில் தாப்பியர். துவாய் ஆணியில். உடம்பு முழுக்க அவித்த நண்டின் நிறம். பெண்டுகள் முகத்தை மூடினார்கள், விரலுக்கு நடுவில் இடைவெளி விட்டு. கனகலிங்கத்தாருக்கு வாழ்க்கையில் முதல்முறையாய் வார்த்தை வரவில்லை.

சுமித்திரா எதையும் பார்க்கவில்லை. வாளியைத் தூக்கி அவர் தலையில் கவிழ்த்தாள். கையைப் பிடித்து வெளியில் இழுத்தாள். இழுத்து வைத்துத் தோளில் சப்பென்று ஒரு அடி. இன்னொரு அடி.

"டேய்! உனக்கு நான் என்னடா குறை வைச்சனான்? ஏன்டா இப்பிடிச் செய்தனி? வாய் திறந்து ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமேடா! ஒரு சொல்லு! நான் கச்சானை விட்டுட்டு ஓடிவந்திருப்பனேடா, பாவி!"

சிரிக்கத் தொடங்கியிருந்தவர்களின் வாய் அப்படியே நின்றது. அந்தப் பேச்சு யாருக்கு என்று முற்றத்தில் நின்ற எல்லாருக்கும் தெரியும். தாப்பியருக்கு மட்டும் தெரியாது. அவர் வேப்பங்குழைக் கட்டை முன்னால் பிடித்துக்கொண்டு, தண்ணி சொட்டச் சொட்ட, அடிக்கிற கையையும் அழுகிற முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜனகன் மோட்டார் சைக்கிளில் பறந்து வந்து சேர்ந்தான். தாப்பியருக்குத் துவாயை எடுத்துக் கொடுத்து, கேட்டு, கேட்டதை நம்பாமல் திரும்பவும் கேட்டான்.

"குளிக்கிறாராம்."

"குளிக்கிறதோ? நெருப்புக்குள்ளயோ?"

"அவையின்ர ஊரில சனிக்கிழமை எண்டால் இப்பிடித்தானாம் அக்கா. அதுக்குப் பேர் சவுனாவாம். சூடாக்கின அறைக்குள்ள இருந்து, கல்லில தண்ணி ஊத்தி, குழையால உடம்பில அடிச்சு, நல்லா வியர்க்கிறதாம். அதுதான் ஓய்வாம்."

தங்கராசா அலவாங்கைக் கீழே ஊன்றினார். "வியர்க்கிறதுக்கு அறை ஏன் தம்பி? வெளியில வந்து நிண்டால் காணாதோ?"

அவ்வளவுதான். ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்ணில் விழுந்து சிரித்தது. தாப்பியர் சிரிக்கவில்லை. அவர் பேசினார். இத்தனை மாதத்தில் பேசாததெல்லாம் சேர்த்துப் பேசினார். ஜனகன் அதில் முக்கால்வாசியை விழுங்கிவிட்டு மிச்சத்தை மெதுவாய்ச் சொன்னான். தாப்பியர் திங்கட்கிழமை வவுனியாவுக்கு இடம் மாறுகிறாராம். வேலைக்கு அங்கிருந்து வந்துபோவாராம். இந்த ஊரில் ஒரு மனுசன் தன்பாட்டில் மூச்சுவிட ஏலாதாம்.

சுமித்திரா அதைக் காதில் வாங்கினாள். பிய்ந்த வேலிக்குள்ளால் திரும்பி நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் ஒரு கதவும் தட்டவில்லை. ஆடுகள் குழைக்குக் கத்தின. தங்கராசா தானாய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் வைத்தார். சீனி போட மறந்திருந்தார்.

"ஊர் சிரிச்சால் சிரிக்கட்டும், விடு."

"ஊர் சிரிக்கிறது கிடக்கட்டும்," என்றாள். "அந்த மனுசன் உண்மையிலயே சந்தோசமாத்தான் இருந்திருக்குது. அது எனக்குத் தெரியேல்லையே. சந்தோசமா இருக்கிறவன் எது, சாகப்போறவன் எது எண்டு எனக்கு இனி ஒருநாளும் தெரியவராது. சிரிச்சாலும் பயமாக் கிடக்கு, அழுதாலும் பயமாக் கிடக்கு. நான் என்ன செய்ய?"

தங்கராசா எழும்பினார். தேத்தண்ணிக்குச் சீனி எடுக்கப் போனார்.

பத்து மணிபோல ஜனகன் வந்தான். வாசலிலேயே நின்றான். "அக்கா, கோவிக்காதேங்கோ. நேற்று சேருக்குச் சதீஸ் அண்ணையைப் பற்றிச் சொல்லிப்போட்டன்."

"ஏன் சொன்னனீ?" என்று சீறியவள், கொஞ்சம் பொறுத்து, "என்ன சொன்னவர்?" என்று கேட்டாள்.

"அந்த உடைஞ்ச கதவைத் தூக்கிச் சாத்திவைச்சார். பிறகு, தங்கட ஊரிலயும் தட்டாமல் விட்ட கதவுகள் கனக்க இருக்காம் எண்டார்."

சுமித்திரா முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். தங்கராசாவுக்கு அன்றைக்குப் பயற்றங்காணி ஒன்றில் உழவு இருந்தது, இயந்திரத்தைக் கிளப்பிக்கொண்டு போனார்.

பின்னேர வெயில் சரியத் தொடங்கிய நேரம் படலை திறந்தது. தாப்பியர் தலையில் ஒரு கதிரையைக் கவிழ்த்துக்கொண்டு உள்ளே வந்தார். முற்றத்து மாமரத்தின் கீழ் அதை வைத்தார். குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கதிரையைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினார். திரும்பவும் பார்த்தார். இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். குசினிக்குள் எந்த மூலையில் நின்றாலும் கதிரை தெரிகிற இடத்தில் வைத்தபிறகுதான் அவருக்குத் திருப்தி.

"அக்கா," என்றார். ஜனகனிடம் கேட்டுப் பாடமாக்கியது போலிருந்தது. "நான் இஞ்ச ஓய்வு. நீங்கள் பாருங்கோ."

"வவுனியா?" என்று சுமித்திரா கேட்டாள்.

"வவுனியா இல்லை."

சொல்லிவிட்டு இருந்தார். கால் இரண்டையும் நீட்டினார். கண்ணை மூடினார். அவள் பிளேன்ரீ ஊற்ற அடுப்படிக்குத் திரும்ப, கண் திறக்காமலே "போதும்" என்றார். சுமித்திரா கேத்திலைப் பிடித்த கையை எடுத்தாள். அந்த ஊரில் ஒரு 'போதும்' செல்லுபடியானது அதுதான் முதல் தடவை.

அவள் வெங்காயம் உரித்தாள், பார்த்தாள், அவர் இருந்தார். சட்டி கழுவினாள், பார்த்தாள், நெஞ்சு ஏறி இறங்கியது. கழுவின சட்டியைத் திரும்பக் கழுவினாள். பார்ப்பதற்குச் சுகமாய் இருக்கட்டும் என்று வாசற்படியில் குந்தினாள். பிறகு கதவு நிலையில் முதுகைச் சாய்த்தாள். தாப்பியர் மூச்சு விடுவதை அவள் எண்ணத் தேவையில்லை, அவர் குறட்டை விடத் தொடங்கியிருந்தார். சீமெந்துத் தரை குளிர்ச்சியாய் இருந்தது. கொஞ்சம் சரிந்து பார்ப்போமே என்று சரிந்தாள்.

தங்கராசா உழவு முடித்து ஒழுங்கையால் வந்தபோது முதலில் கண்டது தரையில் கிடந்த பெண்சாதியைத்தான். கலியாணம் முடித்த நாளிலிருந்து பகல் வெளிச்சத்தில் அவளை அப்படி அவர் கண்டதில்லை. இயந்திரத்தை நிறுத்த மறந்து குதித்தார். ஓடிப்போய் அவள் மூக்குக்குக் கீழே விரல் வைத்தார். விரலில் சூடாய்க் காற்று முட்டியது. இன்னொருமுறையும் வைத்துப் பார்த்தார். அவள் நித்திரையிலேயே அவர் கையைத் தட்டிவிட்டு, வாயைத் திறந்தபடி மற்றப் பக்கம் புரண்டாள். தங்கராசா மெதுவாய்ப் போய் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தார். கண் எரிந்தது, துடைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துப் படலையடியில் கனகலிங்கத்தார். கையில் கோயில் திருவிழா அழைப்பிதழ். தங்கராசா ஓடிப்போய், இரண்டு கையையும் விரித்துப் படலையை மறித்துக்கொண்டு நின்றார். கனகலிங்கத்தார் அவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். கதிரையில் தலை தொங்கிய வெள்ளைக்காரர். வாசலில் நிலத்தோடு சுமித்திரா. அவர் முகம் வெளிறியது.

"என்ன தங்கராசா இது? என்ன நடந்தது ரெண்டு பேருக்கும்?"

"மெதுவாக் கதையுங்கோ," என்றார் தங்கராசா. "ரெண்டு பேரும் உயிரோடதான் கிடக்கினம். நாளைக்கு வாங்கோ."